அறுபத்திரண்டு கிராம்

இந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவர் வீட்டு மாடிப்படியைச் சொல்ல வேண்டும். மொத்தம் பதினான்கு படிகள். கீழிருந்து மூன்றாவது படி மட்டும் மற்றவற்றைவிட ஆறு மில்லிமீட்டர் உயரம். குடிவந்த அன்றே அதைக் கண்டுபிடித்து, வீட்டைக் கட்டியவருக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. நினைவூட்டி இன்னொரு கடிதம் எழுதினார். பத்தொன்பது வருடமாக அந்தப் படியில் ஏறி இறங்கும் அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் இதுவரை ஒன்றும் ஆகவில்லை. தடுக்கி விழுந்தது அவர் ஒருவர்தான், அதுவும் இரண்டு முறை.

தொழிற்சாலையில் அவருக்கு மைக்ரான் என்று பெயர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் மைக்ரான். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார், அதோடு கிண்டல் செத்துப் போய்ப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தத் தொழிற்சாலை, ஆஸ்பத்திரி இயந்திரங்களுக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பம்புகளுக்கு உலோகப் பாகங்கள் கடைந்து தருகிறது. உலோகம் கடையும் லேத்துகள் வரிசையாக ஓடும் கூடத்தின் கோடியில் கண்ணாடித் தடுப்புப் போட்ட ஓர் அறை. அதில் எப்போதும் இருபது டிகிரி குளிர் இருக்கும். சூடுபட்டால் இரும்பு கொஞ்சம் பெருக்கும், பெருத்த இரும்பை அளந்தால் அளவு பொய் சொல்லும். அந்தக் குளிரில் ஒரு கறுப்புக் கல் மேசைக்குப் பின்னால், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, முப்பத்தொரு வருடமாக மைக்ரான் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் கடையும் பாகம் எதுவும் அவர் கையைத் தாண்டாமல் வெளியே போகாது. அளவு சரியென்றால் பச்சை அட்டை கட்டுவார். சந்தேகம் என்றால் மஞ்சள், மறுபடி சோதிக்கும்வரை அது அப்படியே கிடக்கும். தப்பு என்றால் சிவப்பு. சிவப்பு கட்டியது மூலையிலுள்ள கம்பிக் கூண்டுக்குள் போய்விடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை உருக்குவதற்கு லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

அங்கே எங்கும் எழுதிவைக்காத ஒரு வழக்கம் இருந்தது. மைக்ரான் அளந்ததை வேறு யாரும் திருப்பி அளக்க மாட்டார்கள், மேனேஜர்கூட. அதை மரியாதை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். பாதி மரியாதை, மீதி சோம்பல்.

அந்த வழக்கத்தில் கடைசியாக மாட்டிக்கொண்டவர் ஏழாம் நம்பர். ஏழாம் நம்பர் லேத்தை இருபத்திரண்டு வருடமாக ஓட்டியவர், அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். அவர் கடைந்த புஷ்கள் நாற்பதை மைக்ரான் ஒரே நாளில் சிவப்பு கட்டினார். புஷ் என்பது விரல் மோதிரத்தைக் கொஞ்சம் நீட்டினால் எப்படியிருக்குமோ அப்படி ஒரு குழல். வெளிவிட்டம், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடுதல் என்றது மைக்ரானின் அறிக்கை. ஏழாம் நம்பர் கண்ணாடி அறைக்கு வந்து, இன்னொரு தடவை அளந்து பாருங்களேன் சார் என்று மெதுவாகத்தான் கேட்டார்.

“கட்டின சிவப்ப நான் கழட்டினதே இல்ல” என்றார் மைக்ரான். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

ஏழாம் நம்பருக்கு மெமோ கொடுத்தார்கள். லேத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அவரை அட்டைப் பெட்டி ஒட்டும் பக்கம் அனுப்பினார்கள். அவர் சண்டை போடவில்லை. ஆனால் தினமும் காலையில் கண்ணாடியைக் கடக்கும்போது கையைத் தூக்கிக் காட்டுவாரே, அதை நிறுத்திவிட்டார். மைக்ரான் அதைக் கவனித்தார். கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்.

இரண்டு வாரம் கழித்து மைக்ரானுக்குத் தலைவலி ஆரம்பமானது. பாகங்களை வாங்கும் கம்பெனியில் ஒருவர் இருக்கிறார். பரிசோதகரின் கையெழுத்தை மாதிரி அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டுமே அவர் வேலை. அவரிடமிருந்து மைக்ரானின் அறிக்கை ஒன்று திரும்பி வந்தது. “கையெழுத்து மாதிரியுடன் ஒத்துவரவில்லை” என்று ஒரு முத்திரை. பத்து நாளில் இன்னொன்றும் அதே முத்திரையோடு வந்தது. ஒரே வருடத்தில் மூன்று தடவை இப்படி வந்தால் பரிசோதகர் கையெழுத்துப் போடும் அதிகாரம் போய்விடும். அதிகாரம் போனால் கல் மேசை போய்விடும். மேனேஜர் இதையெல்லாம் விளக்கவில்லை, இரண்டு தாள்களையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த விதியை எழுதிக் கொடுத்ததே மைக்ரான்தான்.

அவர் கையெழுத்து ரொம்ப எளிமையானது. இரண்டு சுழி, பிறகு வலப்பக்கம் முப்பது மில்லிமீட்டர் ஓடும் நேர்கோட்டு வால். இப்போது அந்த வால் ரம்பப் பல் மாதிரி இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒரு சென்டிமீட்டருக்கு ஆறு பல் என்று எண்ணினார். முதலில் குளிர்மீது பழியைப் போட்டார். பிறகு ஸ்வெட்டர் கை இடிக்கிறது என்று மடித்துவிட்டுப் பார்த்தார். கடைசியில் பேனாவைப் பார்த்தார். அலுவலகத்தில் கொடுக்கும் பிளாஸ்டிக் பேனா, யாரோ பின்பக்கத்தைக் கடித்திருந்தார்கள், அழுத்தினால் வளைந்தது. குற்றவாளி கிடைத்துவிட்ட நிம்மதியில் அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார்.

பேனாக் கடை, கடைத்தெருவில் கண் கண்ணாடிக் கடைக்கும் கடிகாரக் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளையாத பேனா வேண்டும் என்றார் மைக்ரான். அந்த அம்மா பூட்டியிருந்த அலமாரியைத் திறந்து, கறுப்பு வெல்வெட் தட்டில் எட்டுப் பேனாக்களை எடுத்து வைத்தார். எல்லாம் உலோகம், எல்லாம் லேத்தில் கடைந்தவை. பித்தளை, அலுமினியம், தாமிரம், டைட்டானியம், எஃகு. விலைச் சீட்டுகள் குப்புறக் கிடந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு மைக்ரான் அதை மறுபடி குப்புற வைத்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். வெர்னியர் என்பது இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளைப் பிடித்து அளக்கும் கருவி. அவர் அதை, மற்றவர்கள் சீப்பு வைத்துக்கொள்வதுபோல எப்போதும் வைத்திருப்பார். கடைக்கார அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

முக்கால் மணி நேரத்தில் ஐந்து பேனாக்கள் தோற்றன. பித்தளைப் பேனாவின் உடம்பு ஒரு முனையில் வட்டமில்லை, நீள்வட்டம். அலுமினியத்தில் மறை லூஸ், மூடியைத் திருகினால் கடகடத்தது. தாமிரப் பேனாவில் நுனித் துளை நடுவில் இல்லை. டைட்டானியம் ஒன்று அளவில் அப்பழுக்கில்லை, ஆனால் எடை இல்லை, கையில் வைத்திருப்பதே மறந்துவிடும், எனக்கு நினைவில் இருக்க வேண்டும் என்று சொல்லித் தள்ளினார். இன்னொன்றில், சட்டைப் பையில் சொருகும் கம்பியின் ஓரம் மழுங்காமல் விரலைக் கீறியது. ஒவ்வொரு தடவையும் காரணத்தைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா, ஆமாம் என்று தலையாட்டி அந்தப் பேனாவை அலமாரிக்குத் திருப்பி அனுப்பினார். இப்படிப்பட்டவர்கள் எப்படியும் ஒன்று வாங்காமல் போக மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

கடைசியில் மைக்ரானின் கையில் நின்றது எஃகுப் பேனா. ஒரே கம்பியைக் கடைந்து செய்தது, எங்கும் ஒட்டு இல்லை. மேலே ஒரு சின்னத் தாழ்ப்பாள், அதைத் தள்ளினால் முனை வெளியே வரும், துப்பாக்கியில் தோட்டா ஏறுகிற மாதிரி ஒரு சத்தம். கடிதம் நிறுக்கும் தராசைக் கேட்டு வாங்கி அதில் வைத்தார். அறுபத்திரண்டு கிராம். இது எந்த லேத்தில் கடைந்தது என்று கேட்டார். தெரியாது என்றார் கடைக்கார அம்மா, முப்பது வருடத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

எழுதிப் பார்க்கக் காகிதம் கொடுத்தார். மைக்ரான் நாலு குட்டைக் கோடுகள் போட்டார், ஒரு பெருக்கல் குறி போட்டார், பேனாவை மூடினார்.

“எல்லாரும் கையெழுத்துதான் போட்டுப் பாப்பாங்க” என்றார் அந்த அம்மா. “நீங்க போடலையே.”

“கண்ட இடத்துல எல்லாம் நான் கையெழுத்துப் போடுறதில்ல” என்றார் மைக்ரான்.

மூன்று நாள் சொர்க்கம். எஃகின் கனம் கையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டது. வால் நேராக ஓடியது. சென்டிமீட்டருக்கு ஒரு பல்கூட இல்லை. மைக்ரான் சாப்பாட்டு நேரத்தில் யாரும் கேட்காமலே பேனாவைப் பற்றிப் பேசினார். மையும் முக்கியம் என்றார், எண்ணெய் மை அழியாது, நீர் மை வழுக்கும், ஜெல் மை இரண்டுக்கும் நடுவில் என்றார். கேட்டவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

நாலாம் நாள் இரண்டு பல் வந்தது. வார முடிவில் ஐந்து.

பேனா குற்றமற்றது என்று அவரே அளந்து தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஆகவே குற்றம் உள்ளே இருக்கும் ரீஃபில்லில்தான் இருக்க முடியும். நுனித் துளைக்கும் ரீஃபில் முனைக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருப்பதை அளந்து கண்டுபிடித்தார். கடைக்குப் போய் வேறு ரீஃபில் வாங்கினார். அதன் முனை சரியாக உட்கார்ந்தது, ஆனால் மை கெட்டி, அழுத்தி எழுத வேண்டியிருந்தது, அழுத்தினால் பல் கூடியது. மறுபடி போய் ஜெல் வாங்கினார். அது ஓடிய வேகத்தில் காகிதம் ஈரமாகி உள்ளங்கையில் ஒட்டியது. தடித்த முனை, மெல்லிய முனை, பீங்கான் குண்டு வைத்த முனை, நீளத்தைத் தானே அரத்தால் ராவிக் குறைத்த ஒன்று என்று மூன்று வாரத்தில் ஏழு ரீஃபில் ஆயிற்று. தோற்றுப்போன ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலிருந்து எடுத்துவந்த மூன்று நிற அட்டைக் கட்டிலிருந்து ஒரு சிவப்பில் காரணம் எழுதி, நூலால் கட்டி, வீட்டு மேசை இழுப்பறையில் வரிசையாக அடுக்கினார்.

ஏழாவது ரீஃபில் வாங்கப் போனபோது கடைக்கார அம்மா அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார், ஆனால் கையிலிருந்து விடவில்லை. “சார், பேனாவுலயும் ஒண்ணும் இல்ல. ரீஃபில்லயும் ஒண்ணும் இல்ல” என்றார். மைக்ரான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, இந்த அம்மாவுக்கு வியாபாரம் தெரியவில்லை என்று நினைத்தபடி வீட்டுக்கு நடந்தார்.

இங்கே அவருடைய மனைவியைச் சொல்ல வேண்டும். அவர் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, தைத்த துணிகளைப் பிடித்துக் கொடுப்பது, இறக்கிக் கொடுப்பது என்று வேலை செய்கிறவர். அவருடைய அளவுகோல் கழுத்தில் தொங்கும் டேப். கால் இஞ்ச் முன்னே பின்னே இருந்தால் உடம்பே சரிபண்ணிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. அளவு என்றால் அளவு என்பது மைக்ரான் கட்சி. இருபத்தாறு வருடமாக இரண்டு கட்சியும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன. இதுவரை யாரும் யாரையும் ஜெயித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டன் டப்பாவைத் தேடி மனைவி அந்த இழுப்பறையைத் திறந்தார். ஏழு ரீஃபில்கள், ஏழு சிவப்பு அட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். “நுனியில் ஆட்டம்.” “மை கெட்டி.” “மை இளக்கம்.” “முனை தடிப்பு.” “முனை மெலிவு.” “நீளம் சரியில்லை.” ஏழாவது அட்டையில், “காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை” என்றிருந்தது.

அதைப் படித்ததும் அவருக்கு அழுகை வந்தது. காரணம் இல்லாமல் எதையும் தள்ளாத மனிதர். தன்னைப் பெண் பார்க்க வந்தபோது ஜன்னல் கதவு கோணல் என்று காரணத்தோடு சொன்ன மனிதர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இழுப்பறையில் மிச்சமிருந்த அட்டைகளில் ஒரு மஞ்சளை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மைக்ரான் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய வலக்கையை இழுத்து, மணிக்கட்டில் மஞ்சள் அட்டையைக் கட்டி முடிச்சுப் போட்டார்.

“என்னம்மா இது?”

“மறுபடி சோதிக்கிற வரைக்கும் மஞ்சள்தானே கட்டுவீங்க? டாக்டர்கிட்ட போலாம்.”

பேனாவைப் பற்றி விளக்க ஆரம்பித்தார் மைக்ரான். மனைவி கேட்டுக்கொண்டிருந்தார். நுனித் துளை வரை வந்ததும், போதும் என்று கையைக் காட்டினார்.

“எட்டு மாசமா உங்க டம்ளர்ல முழுசா ஊத்துறதே இல்ல. சிந்திடும்னு. உங்களுக்கு அது தெரியல இல்ல?”

மைக்ரான் எழுந்து சமையலறைக்குப் போனார். அன்று காலை அவருக்கென்று ஊற்றிவைத்த டீ அடுப்பு மேடையில் ஆறிக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்து ஆழம் அளக்கும் அதன் கம்பியை டம்ளருக்குள் விட்டுப் பார்த்தார். டம்ளர் உயரம் தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர். டீ அறுபது. எட்டு மாதமாகத் தினம் இரண்டு வேளை முப்பத்தைந்து மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது, வீட்டுப் படியில் ஆறு மில்லிமீட்டரைக் கண்டுபிடித்தவர் இதைக் காணவில்லை. கூச்சமாக இருந்தது. தனக்குத் தெரியாமல் ஒருத்தி இவ்வளவு நாள் தன்னைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். ஆறிய டீயைக் குடித்துவிட்டு, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டார்.

டாக்டரிடம் வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்தது. அவர் ஒரு காகிதத்தை நீட்டி, நடுவில் புள்ளி வைத்து வெளியே சுற்றிச் சுற்றி ஒரு சுருள் வரையச் சொன்னார், மருந்துக் கம்பெனி கொடுத்த இலவசப் பேனா ஒன்றையும் நீட்டினார். என்னிடம் பேனா இருக்கிறது என்று மைக்ரான் அறுபத்திரண்டு கிராமை எடுத்தார். வரைந்தார். பிறகு தானாகவே டாக்டரின் பேனாவைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் இன்னொரு சுருள் வரைந்தார். பென்சில் இருக்கிறதா என்று கேட்டு மூன்றாவதும் வரைந்தார். மூன்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். டாக்டர் காத்திருந்தார்.

“மூணுலயும் ஒரே பல்லு” என்றார் மைக்ரான். “அப்ப பேனா இல்ல.”

இது சிலருக்கு வருகிற கை நடுக்கம், உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை, மாத்திரையில் குறையும், அடியோடு போகாது என்றார் டாக்டர். நுணுக்கமான வேலை ஏதாவது செய்கிறாரா என்று எழுதிக்கொண்டே கேட்டார். அளக்கிறேன் என்றார் மைக்ரான். எவ்வளவு நுணுக்கமாக என்று டாக்டர் கேட்டார். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை என்றார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அது அவர் மண்டையில் உறைத்தது. பேனாவைப் பிடிக்கும் கைதான், பாகங்களின் விட்டத்தைத் திருகி அளக்கும் மைக்ரோமீட்டரையும் பிடிக்கிறது. கை ஆடினால் மைக்ரோமீட்டர் சாயும். சாய்ந்தால் வெளிவிட்டம் கூடுதலாகக் காட்டும், ஏழாம் நம்பரின் புஷ்களில் காட்டிய அதே நூறில் ஒரு பங்கு. பக்கத்து சீட்டில் மனைவி டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தார். மைக்ரான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையைத் திறந்து, கத்தரிக்கோலால் ஏழு ரீஃபில்களின் சிவப்பு அட்டைகளையும் வெட்டினார். ஏழுக்கும் பச்சை கட்டினார். மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்குத்தான் முதல் தடவையா சிவப்பக் கழட்டுறீங்க.”

“இன்னும் நாப்பது இருக்கு” என்றார் மைக்ரான்.

உருக்கும் லாரி சனிக்கிழமை வரும். வெள்ளிக்கிழமை காலை அவர் கூண்டைத் திறந்து நாற்பது புஷ்களையும் கல் மேசையில் பரப்பினார். அட்டைப் பெட்டி ஒட்டும் பக்கம் ஆளனுப்பி ஏழாம் நம்பரை வரச் சொன்னார். ஏழாம் நம்பர் கையில் பசையோடு வந்து, உள்ளே நுழையாமல் கண்ணாடிக் கதவருகே நின்றார். கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார் மைக்ரான். மைக்ரோமீட்டரை இரும்பு ஸ்டாண்டில் பொருத்தினார், கை பட்டாலும் ஆடாது. ஏழாம் நம்பரை அதன் திருகாணியைத் திருகச் சொன்னார். தான் கையைக் கட்டிக்கொண்டு எண்ணை மட்டும் படித்தார். மைக்ரான் அளந்ததை இன்னொருவர் திருப்பி அளக்கிறார் என்ற செய்தி இரண்டு நிமிடத்தில் கூடம் முழுக்கப் பரவியது, கண்ணாடிக்கு வெளியே ஐந்தாறு பேருக்குத் திடீரென்று அந்தப் பக்கம் வேலை வந்தது.

முதல் புஷ் சரி. இரண்டாவது சரி. பத்து சரியான பிறகு ஏழாம் நம்பரின் கை கொஞ்சம் வேகமானது. மெதுவாகத் திருகுங்கள் என்றார் மைக்ரான். இருபத்து மூன்றாவது தப்பு. ஏழாம் நம்பர் அதைத் தனியே வைத்தார். முப்பத்தொன்றாவதும் தப்பு. மிச்சமெல்லாம் சரி.

“எட்டு மாசமா எனக்குக் கை நடுங்குது” என்றார் மைக்ரான். “நேத்துதான் ஒத்துக்கிட்டேன். உங்க வேலையில தப்பு இல்ல. இந்த ரெண்டுல மட்டும் இருக்கு.”

ஏழாம் நம்பர் அந்த இரண்டு புஷ்களையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். “ரெண்டு தப்புன்னு சொல்றீங்க பாருங்க” என்றார். “அதனாலதான் சார் மிச்சத்த நம்புறேன்.”

பாகங்களை விடுவிக்கும் தாளோடு மேனேஜர் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. உதவி மேனேஜர் கையெழுத்துப் போடட்டும், உங்கள் கையெழுத்து இந்த நிலையில் போனால் மூன்றாவது முத்திரை நிச்சயம் என்று தணிந்த குரலில் சொன்னார். சிவப்பைக் கட்டியவர்தான் கழற்றிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது என்றார் மைக்ரான். அந்த விதியை எழுதியது யார் என்று மேனேஜருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவர் தாளை மேசையில் வைத்தார்.

மைக்ரான் தாழ்ப்பாளைத் தள்ளினார். டக். இரண்டு சுழி போட்டு வாலை இழுத்தார். முப்பது மில்லிமீட்டர், ரம்பம் மாதிரி, தொடக்கத்திலிருந்து கடைசி வரை. இன்னொரு தாள் கேட்கவில்லை. மேசையைப் பார்த்தார், முப்பத்தொரு வருடமாக முழங்கை பட்டுப் பட்டுக் கல்லில் ஓர் இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. பிறகு எட்டு மாதத்தில் தான் அளந்த அத்தனைக்கும் ஒரு பட்டியல் எடுத்து, எல்லாவற்றுக்கும் மஞ்சள் கட்டி மறுபடி அளக்க வேண்டும் என்று மேனேஜரிடம் நீட்டினார். பதினேழு பக்கம். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதை அளந்து முடிக்க இரண்டு பேருக்கு ஒரு மாதம் பிடித்தது. தேறியவற்றில், கம்பெனியிலிருந்து திரும்ப வரவழைத்தவற்றையும் சேர்த்து, கெட்டது எதுவும் அகப்படவில்லை. லாரியில் ஏற்றாமல் நிறுத்திவைத்த சிவப்புகளில் இன்னும் பதினோரு துண்டுகள் பிழைத்தன. வாங்கும் கம்பெனி முப்பத்தெட்டு புஷ்களை ஏற்றுக்கொண்டு, தாளை மட்டும் முத்திரை குத்தித் திருப்பியது. மைக்ரானை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கே குளிர் இல்லை. ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

ஸ்டோரில் முதல் நாள், முதல் ஆளாக ஏழாம் நம்பர் ஜன்னலுக்கு வந்தார். அவருக்கு லேத் திரும்பக் கிடைத்திருந்தது, புது வெட்டுளி வாங்க வந்திருந்தார். சீட்டில் கையெழுத்துப் போட மைக்ரான் பேனாவை நீட்டினார். ஏழாம் நம்பர் கையெழுத்தை மறந்துவிட்டு, பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் ஓரத்தைத் தடவினார், தாழ்ப்பாளை நாலு தடவை தள்ளினார்.

“யாரோ நல்லா கடைஞ்சிருக்கான் சார்.”

“ஆமா” என்றார் மைக்ரான். “நான்தான் ஏழு தடவ குத்தம் சொன்னேன்.”

ஏழாம் நம்பர் கையெழுத்துப் போட்டார். மைக்ரான் கீழே தன் கையெழுத்தைப் போட்டார், ரம்பம் மாதிரி. ஏழாம் நம்பர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நாலடி நடந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் மேலே தூக்கிக் காட்டினார்.

அன்று மாலை மைக்ரான் வீட்டில் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்தார். டம்ளர் விளிம்புவரை நிரம்பியிருந்தது. அளக்கத் தேவையில்லை, தொண்ணூற்றைந்து.

“நிறைய இருக்கேம்மா. சிந்துமே.”

“சிந்தினா துடைச்சிக்கலாம்” என்றார் மனைவி.

இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். கொஞ்சம் சிந்தியது. மனைவி மெஷின் பக்கத்திலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்துப் போட்டார், அவர் துடைத்தார்.